ஏவியவர் கேட்க வேண்டிய கேள்வி

ஒருவரிடம் ஒரு வேலையைச் சொல்லி அனுப்புதல் எளிது. அவ்வேலை சொன்னபடியே நடந்ததா என்று கேட்டறிதல் சற்றுக் கடினம். நடக்கவில்லையெனின் அதனை உடனே உணர்ந்து, மேற்கொண்டு செல்லாமல் நிற்றல் அதனினும் கடினம். திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று 52ஆம் அதிகாரமே இதன்பொருட்டு வகுக்கப்பட்டுள்ளது. எவரிடம் எவ்வேலையை ஒப்படைப்பது என்பதை ஆராய்ந்து செய்தலே அவ்வதிகாரத்தின் பொருள். அரசர்க்கென்று சொல்லப்பட்ட அந்நெறி, இன்று நம் வீட்டு மேசைமேல் இருக்கும் கணினிக்கும் பொருந்தும் என்பதை நம் சங்கத்துப் பழைய இதழ்களே எங்களுக்குக் கற்பித்தன. இதழ்ப் பாதுகாப்புக் குழுவினராகிய நாங்கள் அதனை அன்பர்களுக்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஏனெனில் அவ்விதழ்கள் உங்களுடையவை.

கணினியோடு பழகாத அன்பர்களின் பொருட்டு முதலில் ஒரு விளக்கம். கணினியில் வேலைகளைச் செய்யும் நிரல்கள் தனித்தனியே உள்ளன. படத்தைச் சீர்செய்ய ஒன்று. படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்க ஒன்று. கோப்புகளை வேறோர் இடத்திற்குப் படியெடுக்க ஒன்று. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அழைத்து வேலை வாங்கும் ஆணைத்தொடரையே ஸ்கிரிப்ட் என்கிறோம். கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் இருப்பார். அவர் தாமே சமைப்பதில்லை. தாமே பந்தல் போடுவதும் இல்லை. சமையற்காரரையும் பந்தற்காரரையும் நாதசுரக்காரரையும் உரிய வேளையில் ஏவி நிற்பதே அவர் வேலை. ஸ்கிரிப்டும் அத்தகையதே.

இவ்வாறு ஏவுவதற்கு அமைந்த மிகப் பழைய மொழி ஷெல் எனப்படுவது. 1960களில் லூயி பூசான் என்னும் பிரெஞ்சு அறிஞர் அப்பெயரைச் சூட்டினார். 1971இல் யூனிக்ஸ் அமைப்போடு கென் தாம்சன் எழுதிய ஷெல் வெளிவந்தது. ஒரு நிரல் தருவதை அடுத்த நிரலுக்குள் நேரே பாய்ச்சும் குழாய் முறை, டக்ளஸ் மெக்கில்ராய் இடைவிடாது வற்புறுத்தியதன் பயனாக 1973இல் அதனோடு சேர்ந்தது. 1979இல் ஸ்டீவன் போர்னின் ஷெல் தோன்றியது. அதன் வழித்தோன்றலாகிய பாஷ் 1989இல் பிறந்து, இன்றும் லினக்ஸ் கணினிகளில் ஓய்வின்றி உழைத்து வருகிறது. இத்துணை நீண்ட ஆயுள் பெற்ற ஒரு மொழியில் நிறையில்லாமல் இராது. ஆயினும் அதன் குறையொன்றை நாங்கள் நேரில் கண்ட வரலாறு பின்வருமாறு.

நம் இதழின் பழைய தொகுப்புகள் சங்க நூலகத்தில் பைண்டு செய்யப்பட்டு அடுக்கப்பட்டிருந்தன. புனே நகரின் நான்கு மாத மழையும் ஈரமும் காகிதத்திற்குப் பகை. சில தொகுதிகள் தாளைத் திருப்பினாலே நொறுங்கும் நிலையை அடைந்தன. ஆதலால் 2019இல் ஒரு தனியார் நிலையத்தாரிடம் அவற்றை ஒப்படைத்தோம். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, அப்படத்திலிருந்து எழுத்தைப் பிரித்து, தேடிப் பார்க்கத்தக்க உரையாக்கித் தருவது ஒப்பந்தம். சில மாதங்களில் ஒரு ஹார்ட் டிஸ்க் வந்து சேர்ந்தது. அதனுள் ஒரு நீண்ட பட்டியலும் இருந்தது. பக்கத்திற்கு ஒரு வரியாக, ஒவ்வொரு பக்கத்தின் எதிரிலும் 'முடிந்தது' என்று எழுதப்பட்டிருந்தது.

2021இல் கட்கியிலிருந்து மூத்த அம்மையார் ஒருவர் நூலகத்திற்கு வந்தார். அவர்தம் கணவர் தொழிற்சாலையில் பணிபுரிந்து ஓய்வு பெற்று, சில ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர். 1967ஆம் ஆண்டு பொங்கல் மலரில் அவர் எழுதிய சிறுகதை ஒன்று வெளியானதாம். அவர் அச்சில் கண்ட ஒரே எழுத்து அதுவே. அதனைப் பேத்திக்குக் காட்ட வேண்டும் என்பது அம்மையாரின் விருப்பம். கணினியில் அவர் பெயரை இட்டுத் தேடினோம். 'இல்லை' என்றது. கதையின் தலைப்பை இட்டோம். அதற்கும் 'இல்லை' என்றது.

"அச்சில் இந்தக் கண்ணால் பார்த்தேன், தம்பி. பொட்டி இல்லை என்று சொன்னால் இல்லாமற் போய்விடுமா?" என்று அம்மையார் கேட்டார்.

கோபத்தோடு கேட்கவில்லை, தம் நினைவின்மீது தமக்கே ஐயம் வந்தவர்போலக் கேட்டார். அதுதான் எங்களை உறுத்தியது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவர் மனத்தில் உறுதியாய் நின்ற உண்மையை, ஒரு நொடியில் ஒரு பொறி அசைத்துவிட்டதன்றோ?

அன்றிரவே ஹார்ட் டிஸ்க்கை ஆராய்ந்தோம். 1967 பொங்கல் மலரின் பக்கப்படங்கள் பழுதின்றி இருந்தன. அவற்றுக்குரிய உரைக்கோப்புகளும் பெயரளவில் இருந்தன. ஆனால் அவற்றின் அளவோ பூச்சியம். உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. தேடத் தேட, இவ்வாறு வெறுமையாய் நின்ற பக்கங்கள் 214 என்று தெரிந்தது. வியப்பு யாதெனில், அத்தனையும் பொங்கல் மலர், தீபாவளி மலர், ஆண்டு மலர் ஆகியவற்றின் பக்கங்கள். சாதாரண மாத இதழ்களில் ஒரு பக்கமும் விடுபடவில்லை.

நிலையத்தார் பயன்படுத்திய ஸ்கிரிப்டும் அந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடந்தமையால் காரணம் விளங்கிற்று. மாத இதழ்க் கோப்புகளுக்கு '1967-03' என்பதுபோல் இடைவெளியற்ற பெயர். மலர்களுக்கோ '1967 பொங்கல் மலர்' என்று இடைவெளியோடு கூடிய பெயர். ஷெல் மொழியில் ஒரு பெயரை மேற்கோள் குறிக்குள் அடக்காமல் நிரலிடம் அனுப்பினால், இடைவெளி தோறும் அதனை வெட்டித் தனித்தனிச் சொற்களாகவே அனுப்பும். எழுத்தைப் படிக்க வேண்டிய நிரல், முதற்சொல்லாகிய '1967' என்பதையே படத்தின் பெயராகக் கொண்டு தேடிற்று. அப்படி ஒரு படம் ஏது?

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வின்னல் புதிதன்று. இங்குள்ள அலுவலகப் படிவங்கள் முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டங்களை நீட்டுகின்றன. தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொண்ட நாம் அவற்றை நிரப்புகையில் நம் பெயர் துண்டாகிறது. தந்தையின் பெயரால் மகன் அழைக்கப்படுகிறான். ஓர் ஆவணத்தில் ஒருவராகவும் மற்றொன்றில் வேறொருவராகவும் ஆகிறோம். கோப்பின் பெயருக்கு நேர்ந்ததும் அதுவே.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த எழுத்துணரி நிரல் தன் கடமையில் தவறவில்லை. டெசராக்ட் என்னும் அந்நிரல், படத்தைக் காணவில்லை என்று தன் பிழைச்செய்தியை முறையாக வெளியிட்டது. அதனோடு, தோல்வி என்பதற்கு அறிகுறியான எண்ணையும் திருப்பித் தந்தது. யூனிக்ஸ் மரபில் ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஓர் எண்ணைத் தரும். 0 எனின் வெற்றி. வேறு எந்த எண்ணாயினும் ஏதோ தவறு. ஷெல்லில் 127 எனின் அழைக்கப்பட்ட நிரலே அகப்படவில்லை என்றும், 126 எனின் அகப்பட்டும் இயக்க இயலவில்லை என்றும் பொருள். கடைக்குச் சென்ற பிள்ளை வெறுங்கையோடு திரும்பி, "கடை பூட்டியிருக்கிறது" என்று வாசலில் நின்று சொல்கிறான். உள்ளே இருப்பவரோ அதனைக் காதில் வாங்காமல், 'சாமான் வந்தது' என்று கணக்கில் எழுதிவிடுகிறார். அந்த ஸ்கிரிப்ட் செய்தது இதுதான். நிரலை ஏவிற்று, திரும்பிய எண்ணைக் கேளாமல் அடுத்த வரியிலேயே 'முடிந்தது' என்று பதிந்தது.

அங்ஙனமாயின் வெற்றுக்கோப்பு எவ்வாறு வந்தது? ஷெல், நிரலின் விளைவை ஒரு கோப்பில் சேர்க்கச் சொன்னால், நிரலைத் தொடங்குமுன்பே அக்கோப்பைத் திறந்து வைத்துவிடும். பால் வருமுன்னே பாத்திரத்தை எடுத்து வைப்பது போன்றது அது. பால் வரவில்லை, பாத்திரம் மட்டும் அடுப்பில் இருந்தது. பாத்திரங்களை எண்ணிப் பார்த்தவர்க்குக் கணக்குச் சரியாகவே இருந்திருக்கும்.

ஷெல்லின் இயல்பில் இன்னும் இரண்டு உண்டு. ஒரு கட்டளை தோற்றாலும், நிற்கும்படி முன்னரே பணிக்காவிட்டால், அது அடுத்த கட்டளைக்குச் சென்றுவிடும். குழாய் முறையில் பல நிரல்களைக் கோத்திருந்தால், வழக்கமாகக் கடைசி நிரலின் எண்ணே முடிவாகக் கொள்ளப்படும். இடையில் ஒன்று வீழ்ந்ததைத் தனியே ஏற்பாடு செய்தாலன்றி அறிய இயலாது.

இடைவெளி ஒன்று எத்துணைக் கேடு செய்யும் என்பதற்கு உலகறிந்த சான்றும் உண்டு. 2011இல் பம்பிள்பீ என்னும் லினக்ஸ் மென்பொருளின் ஸ்கிரிப்டில், அழிக்க வேண்டிய ஒரு கோப்புறையின் முகவரி நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்திருந்தது. அதனால் முகவரி இரண்டாகப் பிரிந்தது. முதற்பாதியோ, கணினியின் பெரும்பாலான நிரல்கள் வாழும் பெருங்கோப்புறையின் பெயராக அமைந்துவிட்டது. அதனை நிறுவியோர் பலர் அப்பெருங்கோப்புறையையே இழந்தனர். எங்கள் 214 பக்கங்கள் அழியவில்லை, படங்களேனும் எஞ்சின. அதனை எண்ணி ஆறுதல் கொண்டோம்.

2022இன் தொடக்கத்தில், வேலையை மீண்டும் நாங்களே செய்வதென்று முடிவாயிற்று. கோப்புகளின் பெயரிலுள்ள இடைவெளியை நீக்கி ஆங்கிலப் பெயர் சூட்டிவிட்டால் போதுமே என்று சிலர் கூறினர். எங்கள் மனம் அதற்கு ஒப்பவில்லை. பொங்கல் மலர் பொங்கல் மலராகவே இருக்கட்டும். பெயரை மாற்றுவதன்று, பெயரைச் சிதையாமல் கொண்டு செல்வதே ஏவுபவர் கடமை என்று கருதினோம்.

அடுத்து, எந்த மொழியில் எழுதுவது என்னும் கேள்வி பிறந்தது. மொழிபற்றிய வழக்கு நமக்குப் புதியதா என்ன! கணினித் துறையில் பணிபுரியும் நம் இளைஞர் நால்வர் நான்கு பக்கம் நின்றனர். ஒருவர், ஷெல்லே போதும், மாறியை இரட்டை மேற்கோளுக்குள் அடக்கிவிட்டால் பெயர் பிளவுபடாது என்றார், அது உண்மை. மற்றொருவர் பெர்ல் மொழியை முன்மொழிந்தார். 1987இல் லாரி வால் உருவாக்கிய அம்மொழி, உரைகளை ஆராய்வதில் ஒப்பற்றது, அதுவும் உண்மை. மூன்றாமவர், சங்கத்தின் கணினி விண்டோஸ் ஆதலால் 2006இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பவர்ஷெல் பொருந்தும் என்றும், 2016 முதல் அது லினக்ஸிலும் இயங்குகிறது என்றும் எடுத்துரைத்தார். நான்காமவராகிய தங்கை ஒருத்தி, 1991இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் மொழிக்காக வாதாடினாள். பிற நிரல்களை ஏவுவதற்கென்றே 2004 முதல் அதில் 'சப்பிராசஸ்' என்னும் தனிப்பகுதி உள்ளது என்பது அவள் வாதம்.

நான்கினாலும் இவ்வேலை முடியும். ஆதலின் மொழியின் ஆற்றலைக் கொண்டு தீர்ப்பளிக்க இயலவில்லை. நம் அன்றாட வாழ்வே வழி காட்டிற்று. காய்கறி விற்கும் அம்மாவிடம் மராத்தி பேசுகிறோம், ஆட்டோக்காரரிடம் இந்தி, அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். எந்த மொழி உயர்ந்தது என்று எண்ணியா பேசுகிறோம்? எதிரில் நிற்பவர் யார் என்று பார்த்தே பேசுகிறோம். ஸ்கிரிப்டுக்கு எதிரில் நிற்பவர் இருவர். ஒருவர், அதனை இயக்கும் கணினி. மற்றவர், அதனைப் பின்னாளில் படிக்கப்போகும் மனிதர்.

அம்மனிதர் யார்? இங்கேதான் நம் சங்கத்தின் நிலை வேறுபடுகிறது. நாம் மாற்றலாகிச் செல்லும் மக்கள். இன்று செயலாளராக இருப்பவர் மூன்றாண்டில் நாகபுரிக்கோ ஐதராபாத்துக்கோ செல்வார். எழுதியவர் ஒருவர், அதனைக் காக்க வேண்டியவர் மற்றொருவர். எழுதியவர்க்கு மட்டுமே விளங்கும் ஸ்கிரிப்ட், சாவி தொலைந்த பெட்டிக்கு ஒப்பாகும். நம் வீட்டுப் பிள்ளைகளுள் பலர் மத்திய பாடத்திட்டத்தில் பயில்கின்றனர். அவர்களுள் கணினியியல் எடுத்தோர் 11, 12ஆம் வகுப்புகளில் கற்பது பைத்தான். ஆகவே எவர் ஊர் மாறினாலும், அதனைப் படித்து அறியும் பிள்ளை ஒருவனோ ஒருத்தியோ சங்கத்தில் என்றும் இருப்பர். இவ்வொரு காரணமே வழக்கைத் தீர்த்தது. பெர்ல் பேசிய அன்பரும் புன்னகையோடு இசைந்தார்.

ஷெல்லை நாங்கள் துறந்துவிடவில்லை. ஐந்தாறு வரியில் முடியும் சிறு வேலைக்கு அதனினும் இனியது வேறில்லை. கூகுள் நிறுவனம் தன் பணியாளர்க்கு வகுத்துள்ள நெறியும், ஷெல் ஸ்கிரிப்ட் 100 வரிகளைத் தாண்டினால் வேறு மொழிக்கு மாற்றி எழுதுக என்றே கூறுகிறது.

புதிய ஸ்கிரிப்டில் நாங்கள் கைக்கொண்ட முறைகளைச் சுருக்கமாகக் கூறுவோம். தம் வீட்டுப் புகைப்படங்களுக்கோ கணக்குகளுக்கோ இவ்வாறு எழுத விரும்பும் இளைஞர்க்கு உதவும்.

முதலாவது, ஏவும் நிரலையும் அதற்குரிய பெயர்களையும் ஒரே வாக்கியமாக்கி ஷெல்லிடம் கொடாமல், ஒவ்வொன்றையும் தனித்தனி உருப்படியாகப் பட்டியலிட்டுக் கொடுத்தோம். பைத்தானில் இவ்வாறு கொடுத்தால், லினக்ஸில் இடையே ஷெல் என்னும் தரகரே வருவதில்லை. பெயர் முழுமையாய்ச் சென்று சேரும். பெயருக்குள் அரைப்புள்ளி போன்ற குறி இருந்தாலும், அதன்பின் வருவது புதிய கட்டளையென்று மயங்குவதற்கு இடமில்லை.

இரண்டாவது, திரும்பும் எண்ணைக் கேட்டோம். 0 இல்லையெனின் 'முடிந்தது' என்று எழுதக்கூடாது. பக்கத்தின் பெயரையும் பிழைச்செய்தியையும் தனிக் கோப்பில் குறிக்க வேண்டும். 0 வந்தாலும் உரைக்கோப்பு வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, காலவரையறை வைத்தோம். பழுதுற்ற படத்தின் முன் நிரல் சிலசமயம் முடிவின்றி நிற்கக்கூடும். ஒரு பக்கத்திற்கு ஐந்து நிமிடம். அதற்குமேல் காத்திராமல் நிறுத்திக் குறித்துக்கொள்ளச் செய்தோம். ஏவிய நிரல் சொல்வதை வாங்கிக்கொள்ளாமல் வெறுமனே காத்திருப்பதும் தீது. லினக்ஸில் இடையேயுள்ள குழாய் வழக்கமாகக் கொள்வது 65,536 பைட்டுகளே. அது நிரம்பினால், சொல்ல வந்தவன் சொல்ல இடமின்றி நிற்பான். கேட்க வேண்டியவன் அவன் முடிக்கட்டும் என்று நிற்பான். இருவரும் விடியும்வரை நிற்பர்.

நான்காவது, நிரலை முழு முகவரியோடு அழைத்தோம். படங்களைச் சீர்செய்யும் இமேஜ்மேஜிக் தொகுப்பின் கருவிக்கு நெடுங்காலம் 'கன்வெர்ட்' என்று பெயர். விண்டோஸிலோ அதே பெயரில் வட்டின் அமைப்பையே மாற்றும் கட்டளை ஒன்று உண்டு. ஒரே தெருவில் இரண்டு ராமசாமிகள் இருந்தால் ஊர்ப்பெயரையும் சேர்த்துத்தானே அழைக்கிறோம்? அத்தொகுப்பினரும் தம் 7ஆம் பதிப்பில் முதன்மைக் கருவியின் பெயரை 'மேஜிக்' என்று மாற்றினர்.

ஐந்தாவது, தேவையின்றி எவரையும் ஏவவில்லை. கோப்புறை அமைத்தல், பெயர் மாற்றுதல், படியெடுத்தல் ஆகியவற்றைப் பைத்தான் தானே செய்யும். அடுக்களையில் உப்பு இருக்க, பக்கத்து வீட்டிற்கு ஆளனுப்புவானேன்?

இவ்வாறு அமைத்து 214 பக்கங்களையும் மீண்டும் ஓட்டினோம். 209 பக்கங்கள் உரையாயின. ஐந்து பக்கங்கள் இயலவில்லை என்று பெயரோடு பட்டியலில் நின்றன. அவற்றைக் கையால் தட்டச்சு செய்தோம். 'முடிந்தது' என்ற பொய்யினும், 'இயலவில்லை' என்ற அந்த ஐந்து வரிகள் எங்களுக்கு இனியவையாயிருந்தன.

பின்னர் அம்மையாரின் கணவர் பெயரைத் தேடினோம். மீண்டும் 'இல்லை' என்றே வந்தது. இம்முறை கலங்கவில்லை. பக்கம் தெரியுமாதலால் நேரே திறந்து பார்த்தோம். கதை இருந்தது, ஆனால் 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான மலர் அது. பழைய வடிவில் நின்ற 'ணா', 'றா', 'லை' போன்ற எழுத்துகளை நிரல் வேறெழுத்தாகப் படித்திருந்தது. அவர் பெயரிலும் அத்தகைய எழுத்து ஒன்று இருந்தது. நிரல் தந்த எண் 0 தான். வேலை முடிந்தது என்று நிரல் கருதியதற்கே அது சான்று; வேலை சரி என்பதற்கு அது சான்றாகாது. அதனைப் படித்தறிந்த ஒரு மனிதரே சொல்ல வேண்டும்.

அம்மையாரை அழைத்தோம். பேத்தியும் உடன் வந்தாள். திரையில் பழைய பக்கத்தைப் பெரிதாக்கி வைக்க, அம்மையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரிவரியாக வாய்விட்டுப் படித்தார். தமிழை எழுத்துக் கூட்டியே படிக்கும் அப்பேத்தி பக்கத்தில் அமர்ந்து, நிரல் பிழைபடப் பிரித்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருத்தினாள். இரண்டு மணி நேரத்தில் கதை முழுதும் திருந்தியது. இப்பொழுது அவர் பெயரை இட்டால் அக்கதை முன்வந்து நிற்கும்.

அந்த ஸ்கிரிப்டின் ஒவ்வொரு பகுதிக்கும் எளிய தமிழில் விளக்கம் எழுதி, ஒரு நோட்டில் ஒட்டிச் சங்க அலுவலகத்தில் வைத்துள்ளோம். எந்தப் பிள்ளையும் படித்துப் பார்க்கலாம். குறை கண்டால் சொல்லலாம். மற்ற மலர்ப் பக்கங்களிலும் பழைய எழுத்துகள் திருத்தத்திற்குக் காத்திருக்கின்றன. படித்துச் சொல்ல மூத்தோரும், திருத்தி எழுத இளையோரும் வேண்டும். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நூலகத்தில் கூடுகிறோம். வீட்டிற்கு இருவராக வந்தால் இன்னும் நன்று. உங்கள் பரணில் பழைய மலர் ஏதேனும் இருப்பின் அதனையும் மறவாமல் எடுத்து வாருங்கள். அதன் பெயரில் எத்தனை இடைவெளி இருந்தாலும் பாதகமில்லை.